எப்படி இயங்குகிறது? ஏரிக்கரை வெளிச்சமும் இட்லித் தட்டும்

புதுச்சேரியின் ஊசுட்டேரியில் தை மாதத்துக் காலை ஏழு மணி. பட்டமரக் கிளையில் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கிறது ஒரு சின்ன நீர்க்காகம். சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று எடுத்தால், அதன் கறுப்புக்குள் ஒரு பச்சை மினுக்கு படத்தில் தெரியும். தோளில் உள்ள ஒவ்வொரு சிறகும் நடுவில் சாம்பலும் விளிம்பில் கறுப்புமாகத் தனித்தனியே தெரியும். அதே பறவையை அதே கிளையில் பகல் பன்னிரண்டு மணிக்கு எடுத்தால் நீர்க்காகத்தின் உருவ அளவுக்கு ஒரு கறுப்புதான் மிஞ்சும். கேமராவும் லென்ஸும் பறவையும் அதேதான். மாறியது வெளிச்சம்.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் ஏரிக்கரைகளில் கேமராவோடு நிற்பவர்கள் ஒருவரையொருவர் சந்தித்தால் முதல் பேச்சு லென்ஸ் பற்றித்தான். 400 மி.மீ.யா, 600 மி.மீ.யா, என்ன விலை, கையில் பிடிக்க முடியுமா. லென்ஸ் வேண்டும்தான், தூரத்துப் பறவையைக் கிட்டத்தில் கொண்டுவர வேறு வழி இல்லை. ஆனால் நிறமும் சிறகின் நுணுக்கமும் நாம் எந்தக் கரையில், எத்தனை மணிக்கு, எந்தத் திசை பார்த்து நிற்கிறோம் என்பதில் இருக்கிறது. அது ஏன் என்று ஒருமுறை விளங்கிவிட்டால் கையில் இருக்கும் கேமராவிலேயே படம் மாறும். விளங்கிக்கொள்ள அடுப்படிக்குப் போனால் போதும்.

குழியும் மாவும்

கேமராவுக்குள் இருக்கும் சென்சாரை ஓர் இட்லித் தட்டாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுத் தட்டில் நாலைந்து குழி இருக்கும். 24 மெகாபிக்சல் சென்சாரில் 2 கோடியே 40 லட்சம் குழி. ஊற்றும் மாவுதான் வெளிச்சம். கரண்டி எவ்வளவு பெரிது என்பது லென்ஸின் துவாரம், அதாவது அப்பர்ச்சர். எவ்வளவு நேரம் ஊற்றுகிறோம் என்பது ஷட்டர். ஒவ்வொரு குழியிலும் எவ்வளவு மாவு விழுந்தது என்று கேமரா அளந்து எழுதிவைக்கும் கணக்குதான் படம்.

குழிக்கு ஒரு விளிம்பு உண்டு. அதைத் தாண்டினால் மாவு வழியும். வழிந்தபிறகு, அரைக் கரண்டி அதிகம் விழுந்த குழிக்கும் ஐந்து கரண்டி அதிகம் விழுந்த குழிக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. இரண்டும் விளிம்புவரை நிரம்பிய குழிகள். நடுப்பகலில் சின்னக் கொக்கின் முதுகுக்கு நேர்வது இதுதான். சிறகுக்குச் சிறகு வெண்மை கொஞ்சம் கூடியும் குறைந்தும் இருக்கிறது. அந்த ஏற்ற இறக்கத்தில்தான் சிறகின் வடிவமே இருக்கிறது. ஆனால் அந்த இடத்துக் குழிகள் எல்லாம் வழிந்துவிட்டதால் கணக்கில் எல்லாமே ‘நிரம்பியது’ என்றுதான் பதிவாகும். படத்தில் வெள்ளைக் காகிதத்தைக் கத்தரித்து ஒட்டிய கொக்கு நிற்கும். வீட்டுக்கு வந்து கணினியில் எவ்வளவு குறைத்தாலும் சாம்பல்நிறக் காகிதம்தான் கிடைக்கும். கொட்டிய மாவை அள்ள முடியாது.

எதிர்ப்பக்கத்துக் கஷ்டம் வேறு விதம். வெளிச்சம் ஒரே சீராக ஓடிவரும் பொருள் இல்லை. ஒளித்துகள்களாகச் சொட்டுச் சொட்டாக விழுவது. ஒரே அளவு வெளிச்சம் படும் இரண்டு குழிகளில்கூடச் சொட்டுகளின் எண்ணிக்கை சரியாக ஒன்றாக இருக்காது. இந்த ஏற்ற இறக்கம், விழும் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும் என்பது இயற்பியல் கணக்கு. சராசரியாக 10,000 துகள் விழும் குழிகளில் வித்தியாசம் 100. நூற்றில் ஒரு பங்கு, கண்ணுக்குத் தெரியாது. 100 துகள் மட்டும் விழும் குழிகளில் வித்தியாசம் 10. பத்தில் ஒரு பங்கு. இருட்டுப் படங்களில் மணல் தூவியதுபோல் தெரிகிறதே, அந்த ‘நாய்ஸ்’ பெரும்பாலும் இதுதான். மலிவான கேமரா என்பதால் மட்டும் வருவதில்லை. மாவு குறைந்தால் எந்தத் தட்டிலும் வரும்.

இங்கேதான் ஐஎஸ்ஓ பற்றி ஒரு தெளிவு வேண்டும். ஐஎஸ்ஓவைக் கூட்டினால் வெளிச்சம் கூடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். குழியில் விழுந்த மாவு விழுந்ததுதான். ஐஎஸ்ஓ என்பது குறைந்த மாவில் ஆப்பசோடா போடுவது. இட்லி உப்பி வரும். பார்க்கப் பெரிதாக இருக்கும். பிட்டால் உள்ளே ஓட்டை ஓட்டையாக இருக்கும். மீன்கொத்தியின் மார்புச் சிறகுகள் போன்ற மெல்லிய இழைகள் முதலில் அந்த ஓட்டைகளில்தான் காணாமல் போகின்றன. அதற்காக ஐஎஸ்ஓவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. பறக்கும் பறவைக்கு ஷட்டர் 1/2000 நொடி வேண்டுமென்றால் சோடா போட்டாவது எடுக்கத்தான் வேண்டும். அசைந்து கலங்கிய படத்தைவிட ஓட்டை விழுந்த படம் மேல்.

குழிமேல் விரித்த துணி

இதுவரை சொன்னதில் நிறமே வரவில்லை. சென்சாரின் குழிக்கு நிறம் தெரியாது. அளவு மட்டும்தான் தெரியும். அதனால் நாம் இட்லித் தட்டில் துணி விரிப்பதுபோல ஒவ்வொரு குழிமேலும் ஒரு வண்ண வடிகட்டி விரித்திருக்கிறார்கள். சிவப்புத் துணி சிவப்பு வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும், பச்சை பச்சையை, நீலம் நீலத்தை. நாலு குழியை ஒரு கூட்டமாக எடுத்தால் அதில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1970களில் வகுத்த அடுக்கு இது. இன்றைக்குப் பெரும்பாலான கேமராக்களிலும் கைபேசிகளிலும் இதுவே இருக்கிறது. ஒரு குழி ஒரு நிறத்தைத்தான் அளக்கும். மற்ற இரண்டையும் பக்கத்துக் குழிகளைப் பார்த்துக் கேமரா கணித்துக்கொள்ளும்.

வெண்தொண்டை மீன்கொத்தியின் முதுகு ஏன் சில படங்களில் பட்டையடித்ததுபோல் ஒரே நீலமாக இருக்கிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. கடும் வெயிலில் அந்த முதுகிலிருந்து வருவது பெரும்பாலும் நீலமும் பச்சையும். சிவப்புக் குழிகளில் பாதிகூட நிரம்பாதபோது நீலக் குழிகள் வழிந்துவிடும். கேமராவின் பின்திரையில் மொத்த வெளிச்சத்தைக் காட்டும் ஒற்றை வரைபடம் (ஹிஸ்டோகிராம்) ‘எல்லாம் சரி’ என்றே சொல்லும். மூன்று நிறத்துக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம் காட்டும் வசதி பெரும்பாலான கேமராக்களில் உண்டு. மீன்கொத்தி, பனங்காடை, நீலத் தாழைக்கோழி என்று ஒரு நிறம் ஓங்கிய பறவைகளுக்கு அதைத்தான் பார்க்க வேண்டும்.

மாவின் சேர்மானம்

அரிசிக்கும் உளுந்துக்கும் ஒரு கணக்கு உண்டல்லவா? வெளிச்சத்திலும் அப்படி ஒரு சேர்மானம் இருக்கிறது. நடுப்பகல் வெயிலில் எல்லா நிறமும் ஏறக்குறையச் சரிசமம். அதை 5,500 கெல்வின் என்று கேமரா எண்ணால் சொல்கிறது. சூரியன் தொடுவானத்தில் இருக்கும்போது அதன் ஒளி காற்றுக்குள் நெடுந்தூரம் வந்தாக வேண்டும். வழியிலேயே நீலம் சிதறிப்போகிறது. நம்மிடம் வந்து சேர்வதில் சிவப்பும் மஞ்சளும்தான் மிகுதி. எண் 3,000 கெல்வினுக்குக்கூட இறங்கும். நிழலில் நிற்கும் பறவைக்கோ நேர் வெயில் கிடையாது, நீல வானத்தின் ஒளிதான் கிடைக்கும். எண் 7,000ஐத் தாண்டும்.

‘ஒயிட் பேலன்ஸ்’ என்ற வசதியால் இதையெல்லாம் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்பார்கள். ஓரளவுக்குத்தான். உளுந்து குறைந்த மாவில் பிறகு என்ன செய்தாலும் உளுந்தின் மென்மை வராது. முதல் வெளிச்சத்தில் நீலம் குறைவாக இருந்தால் நீலக் குழிகளில் மாவே குறைவு. ஒயிட் பேலன்ஸ் அந்தக் குறைந்த அளவைப் பெருக்கிக் காட்டும். ஓட்டைகளையும் சேர்த்துப் பெருக்கும்.

ஆகவே எல்லாப் பறவைக்கும் ஒரே ‘பொன்னொளி நேரம்’ என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. முதல் அரைமணி நேரத்துச் செவ்வொளி செம்பழுப்புப் பறவைகளுக்கு உரியது: அன்றில், செந்நாரை, மண்நிறக் கோடுகளோடு வரப்போரம் அசையாமல் நிற்கும் மடையான். வெள்ளைக் கொக்குகளுக்கும் அது நல்லது, வெளிச்சம் மென்மையாக இருப்பதால் குழி வழியாது. மீன்கொத்திக்கும் பனங்காடைக்கும் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். சூரியன் சற்று மேலேறி மாவில் நீலம் சேர்ந்தபிறகுதான் அவற்றின் நீலம் நீலமாக இருக்கும். அதற்கு முன்னால் எடுத்தால் அழுக்குப் பச்சையாக மங்கும்.

சாயம் இல்லாத நீலம்

இட்லித் தட்டை ஒரு நிமிடம் ஓரமாக வைத்துவிட்டுப் பறவையைப் பார்க்கலாம். ஏனென்றால் வெளிச்சம் அங்கேதான் முதலில் மாறுகிறது.

சிறகின் நிறம் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, சாயம். மடையானின் பழுப்பும் நீர்க்காகத்தின் கறுப்பும் மெலனின். பூநாரையின் இளஞ்சிவப்பு அது தின்னும் உணவிலிருந்து வரும் கரோட்டினாய்டு. சாயம் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். இன்னொன்று, அமைப்பு. மீன்கொத்தியிடமோ பனங்காடையிடமோ நீலச் சாயம் ஒரு துளியும் கிடையாது. சிறகிழைக்குள் கெரட்டினும் காற்றுப்பைகளும் நானோமீட்டர் அளவில் பின்னிக் கிடக்கின்றன. அந்தப் பின்னலின் இடைவெளி நீல ஒளியின் அலைநீளத்துக்கு ஏற்ற அளவில் இருப்பதால் நீலம் மட்டும் வலுத்துத் திரும்புகிறது. சர் சி.வி. ராமன் 1934இல், தாம் நிறுவிய இந்திய அறிவியல் அகாதமியின் ஆய்விதழ் முதல் தொகுதியிலேயே பறவைச் சிறகுகளின் நிறம் எங்கிருந்து வருகிறது என்று எழுதினார். அவர் ஆராய்ந்த சிறகுகளில் பனங்காடையின் சிறகும் உண்டு. வானத்தின் நீலத்துக்குச் சொல்லும் எளிய சிதறல் விளக்கம் இந்த நீலத்துக்குப் போதாது என்று அவர் அப்போதே ஐயப்பட்டார். 1998இல் ரிச்சர்ட் பிரம்மும் உடன் ஆய்வாளர்களும் ‘நேச்சர்’ இதழில், சிறகின் உள்ளமைப்பில் ஓர் ஒழுங்கு இருப்பதையும் அதனால் ஒளியலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்துவதையும் காட்டினார்கள். பாகூர் வயல்வெளியில் மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடையை அடுத்தமுறை பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

அமைப்பால் வரும் நிறத்திலேயே இன்னொரு வகை, கோணத்துக்குக் கோணம் மாறுவது. ஊதாத் தேன்சிட்டு, அன்றிலின் இறக்கை, தாமிர இலைக்கோழியின் முதுகு ஆகியவற்றில் மெலனின் துணுக்குகள் மெல்லிய அடுக்குகளாக இருக்கின்றன. ஒளி படும் கோணமும் நாம் பார்க்கும் கோணமும் பொருந்தினால் ஊதாவும் பச்சையும் தாமிரமும் எரியும். பொருந்தாவிட்டால் அடியிலுள்ள கறுப்பு மட்டும் தெரியும். ஆண் தேன்சிட்டைக் கறுப்புக் குருவி என்று கடந்துபோகிறவர்கள் அதைத் தப்பான கோணத்தில் பார்த்தவர்கள். நீர்க்காகத்தின் பச்சை மினுக்கும் அப்படியே.

இந்த இரண்டு வகையையும் பிரித்துத் தெரிந்துகொண்டால் மேகமூட்டத்தைப் பற்றிய குழப்பம் தீரும். சாயப் பறவைக்கு மேகமூட்டம் நல்லது. மினுக்குப் பறவைக்கு ஒரு பக்கமிருந்து வரும் நேரடி வெயில் வேண்டும். மேகத்தில் அதன் நிறம் பாதி அவிந்துவிடும்.

கரை கிழக்கே இருக்கிறது

இந்தப் பகுதியின் ஏரிகளுக்கு ஓர் இயல்பு உண்டு. நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. ஓடிவரும் நீரைத் தேக்க வேண்டுமானால் சரிவின் கீழ்ப்பக்கம் கரை கட்ட வேண்டும். ஆகவே பழைய ஏரிகளின் கரை பெரும்பாலும் கிழக்கை ஒட்டியே வளைந்து கிடக்கும். நீர் மேற்கே விரிந்திருக்கும். புதுச்சேரியின் மிகப் பெரிய ஏரியான ஊசுட்டேரியும் இரண்டாவது பெரிய ஏரியான பாகூர் ஏரியும் பாசனத்துக்காக வெட்டப்பட்டவை. ஊசுட்டேரியைப் புதுச்சேரி அரசு 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணைத் தண்ணீரைப் பங்காரு வாய்க்கால் கொண்டுவருகிறது. நெல்லுக்காகக் கட்டிய அந்தக் கரைகள் படமெடுப்பவருக்குப் பெரிய உதவி: காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்த்தால் சூரியன் தானாகவே முதுகுக்குப் பின்னால் வந்துவிடுகிறது. நம் நிழல் பறவையை நோக்கி விழுந்தால் இடம் சரி. அதைவிட எளிய சோதனை வேறில்லை.

நேரம்தான் குறைவு. மேல்நாட்டுப் புத்தகங்கள் சொல்லும் நீண்ட பொன்னொளி நேரம் நமக்குப் பொருந்தாது. புதுச்சேரி ஏறக்குறைய 12 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. சூரியன் இங்கே செங்குத்தாக ஏறும். டிசம்பர் கடைசியில் லண்டனில் நண்பகலில்கூடச் சூரியன் தொடுவானத்திலிருந்து 15 டிகிரி உயரத்தைத்தான் தொடும். அதே நாளில் ஊசுட்டேரியில் காலை ஏழே முக்காலுக்குள் அந்த உயரம் தாண்டிவிடும், எட்டு மணிக்கு 20 டிகிரி. அங்கே நாள் முழுவதும் கிடைக்கும் சாய்ந்த வெளிச்சம் நமக்குக் காலையில் ஒன்றரை மணி நேரம்தான். ஏப்ரல் பிற்பாதியிலும் ஆகஸ்ட் பிற்பாதியிலும் நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். அப்போது பறவையின் முதுகிலுள்ள குழிகள் வழியும். வயிற்றுப் பக்கக் குழிகள் காலியாக இருக்கும். கண் குழிக்குள் நிழல் விழும். எந்தக் கரண்டி அளவும் இரண்டு பக்கத்துக்கும் சரிவராது.

ஒன்பது மணிக்கு மேல் இன்னொரு சங்கடம் சேரும். கரையும் சேறும் சூடேறி, மேலெழும் காற்று நெளிய ஆரம்பிக்கும். கானல். நூறு மீட்டருக்கு அப்பால் மிதக்கும் நாமக்கோழியின் விளிம்பு அலையலையாகத் தெரியும். இதைக் குவியப் பிழை என்று நினைத்துக் கேமராவை மாற்றி மாற்றிச் சரிபார்ப்பவர்கள் உண்டு. காற்றே கலங்கியிருக்கும்போது லென்ஸ் என்ன செய்யும்? பறவை கிட்ட வரும்வரை காத்திருக்கலாம். இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம். படகையோ வண்டியையோ ஓட்டிப் பறவையை நெருங்குவது மட்டும் கூடாது. பனிக்காலத்தில் நெடுந்தூரம் பறந்து வந்து இறங்கியிருக்கும் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் ஒவ்வொரு முறை எழும்பும்போதும் செலவழிக்கும் தெம்பு நம் படத்தைவிடப் பெரியது.

சிறகின் இழை எப்படித் தெரிகிறது

நேர் முதுகுவெயில் நிறத்துக்கு நல்லது. நுணுக்கத்துக்கு அதுவே போதாது. ஒரு சிறகின் விளிம்பு அடுத்த சிறகின்மேல் மெல்லிய நிழலைப் போட்டால்தான் இரண்டும் தனித்தனி என்று நமக்குத் தெரியும். சூரியன் சரியாக முதுகுக்குப் பின்னால் இருந்தால் அந்த நிழல்கள் சிறகுகளுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும். இரண்டு மூன்று எட்டு நகர்ந்து, வெயில் நம் தோளைத் தாண்டிச் சற்றே பக்கவாட்டாகப் பறவைமேல் விழும்படி நின்றால் சாம்பல் நாரையின் கழுத்துக் கோடுகள் எழுந்து நிற்கும். பறவையின் கண்ணில் ஒரு வெளிச்சப் பொட்டும் விழும். அந்தப் பொட்டு இல்லாத படத்தில் எவ்வளவு கூர்மை இருந்தாலும் உயிர் குறைகிறது.

மா. கிருஷ்ணன் (1912–1996) படங்களை நான் மறுபடி மறுபடி பார்ப்பது இதற்காகத்தான். பல கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட, ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று பெயரிட்ட கேமராவில், கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். வேடந்தாங்கல் பறவைகளைப் பற்றியும் எழுதியவர். நிறத்தின் துணை அவருக்கு இல்லை. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எங்கே நிழல் விழுகிறது என்பது மட்டுமே கையில் இருந்தது. இன்று நாமும் எடுத்த படத்தை ஒருமுறை கறுப்பு வெள்ளையாக்கிப் பார்க்கலாம். நிறம் போனபிறகும் சிறகு சிறகாகத் தெரிந்தால் வெளிச்சம் நன்றாக அமைந்திருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மேகம்

வடகிழக்குப் பருவமழை நாள்களில் கரைக்குப் போகாமல் இருப்பவர்கள் நல்ல வெளிச்சத்தை இழக்கிறார்கள். நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் என்றால் மூடிய வானத்தின் வெளிச்சம் 10,000 லக்ஸ் அளவிலோ அதற்குக் கீழோதான் இருக்கும். மாவு பத்தில் ஒரு பங்காகிவிட்டது. ஆனால் தட்டின் எல்லாக் குழிக்கும் ஏறக்குறையச் சமமாக விழுகிறது. வெயிலில் ஒரு குழி வழிய, பக்கத்துக் குழி காய்ந்து கிடந்ததே, அந்தத் தொல்லை இல்லை. சங்குவளை நாரையின் வெள்ளையும் கறுப்பும் இளஞ்சிவப்பும் ஒரே படத்தில் பிடிபடுவது அந்த மாதிரி நாளில்தான். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஷட்டரை 1/500, பறவை அசையாமல் நின்றால் அதற்கும் கீழே குறைத்து, ஊற்றும் நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம், சோடா அதிகம் தேவைப்படாது. வெளுத்த மேகத்தைப் பின்னணியாக வைத்து மட்டும் எடுக்க வேண்டாம், பறவை இருண்டுவிடும். நாணல், கரைச்சரிவு, தண்ணீர் எதையாவது பின்னால் வையுங்கள்.

வயல்களில் வேறொரு வெளிச்சம் இருக்கிறது, அதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. நாற்று நட்டுத் தண்ணீர் நிற்கும் வயல், மேலிருந்து விழும் வெயிலைத் திருப்பிப் பறவையின் வயிற்றுப் பக்கம் அனுப்புகிறது. சம்பா நடவின்போது பாகூர்ப் பக்கத்து வயல்களில் நிற்கும் கொக்குக்கு மேலும் கீழும் வெளிச்சம். கழுத்தடி நிழல்கூட மெல்லியதாக இருக்கும். பயிர் வளர்ந்து வயல் பச்சையானதும் திரும்பிவரும் வெளிச்சமும் பச்சையாகிவிடும். கொக்கின் அடிவயிற்றில் ஒரு பச்சைச் சாயல் ஏறும். அதைக் கேமராவின் குறை என்று நீக்க முனையாதீர்கள். அந்த வயலில் அந்தக் கொக்கு அப்படித்தான் இருந்தது. அறுவடை முடிந்த தாளடியில் அதே இடம் வைக்கோல் நிறத்தில் ஒளிரும்.

அளவு போடுவது

கேமராவின் ஒளிமானிக்கு ஒரு பழக்கம்: எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு மாவு ஊற்றும். படம் நிறையக் கொக்கு இருந்தால், ‘இவ்வளவு வெளிச்சமா’ என்று குறைத்து ஊற்றிக் கொக்கைச் சாம்பலாக்கும். கறுத்த தண்ணீருக்கு நடுவே தூரத்தில் ஒரே ஒரு கொக்கு நின்றால், தண்ணீரைப் பார்த்துக் கூட்டி ஊற்றிக் கொக்கை வழியவிடும். பறக்கும் கொக்கு தண்ணீருக்கு மேலிருந்து வானத்துக்குப் போகும் இரண்டு நொடியில் ஒளிமானி மூன்று தடவை மனம் மாறும். ஆனால் கொக்கின்மேல் விழும் வெயில் மாறவே இல்லை.

அதனால் தெளிந்த வெயில் நாளில் அளவை நாமே போட்டுவிடுவது மேல். நல்ல வெயிலில் எஃப்/16 துவாரத்துக்கு, ஐஎஸ்ஓ எவ்வளவோ அத்தனையில் ஒரு பங்கு நொடி ஷட்டர் என்பது ஃபிலிம் காலத்திலிருந்து வரும் கணக்கு. அதை எஃப்/8, ஐஎஸ்ஓ 400 என்று மாற்றினால் ஷட்டர் 1/1600. வெள்ளைப் பறவைக்கு 1/2500 அல்லது 1/3200. காலை ஏழு மணிக்கு வெயில் இன்னும் முற்றாததால் 1/800, 1/400 என்று இறங்கலாம். ஒரு கொக்கில் அளவு சரியாக அமைந்துவிட்டால் வெயில் மாறும்வரை தொட வேண்டாம். நீர்க்காகம் மட்டுமே படத்தில் இருக்கப்போகிறது என்றால் துணிந்து கூட்டுங்கள். கறுப்புச் சிறகின் குழிகளில் மாவு விழுந்தால்தான் அதன் பச்சை தெரியும். பக்கத்தில் ஒரு கொக்கும் நிற்கிறது என்றால் கொக்குக்குத்தான் முதல் உரிமை, ஏனென்றால் வழிந்தது திரும்பாது. நீர்க்காகத்தை, குழிகளின் கணக்கை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலிலிருந்து பிறகு கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். ஜேபெக் ஒரு நிறத்துக்கு 256 படிகளை மட்டுமே வைத்துக்கொள்ளும். 14 பிட் ரா ஃபைலில் 16,384 படிகள். வெள்ளையையும் கறுப்பையும் ஒன்றாக எடுக்கும்போது அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

மாலையில் என்ன செய்வது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. கிழக்குக் கரையில் நிற்பவருக்கு மாலைச் சூரியன் நேர் எதிரே. முதுகுவெயில் வேண்டுமானால் எதிர்ப்பக்கம் போக வேண்டும். ஊசுட்டேரியின் ஒரு பகுதி தமிழகத்தின் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது, அந்தப் பக்கத்து வயல் பாதைகளைக் காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. போக முடியாதவர்கள் நிறத்தையும் சிறகையும் விட்டுவிட்டு உருவத்தை எடுக்கலாம். அளவை வானத்துக்குப் போடுங்கள். பறவை முழுக் கறுப்பாக விழட்டும். அதற்கு நத்தைக்குத்தி நாரை மிகவும் பொருத்தமானது. மூடிய அலகின் மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் நடுவே அதற்கு ஓர் இடைவெளி உண்டு. பறவை பக்கவாட்டில் கடக்கும்போது ஷட்டரை அழுத்தினால் அந்த இடைவெளி வழியாக வானம் தெரியும், எந்தப் பறவை என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. நேராக நம்மை நோக்கி வரும்போது எடுத்தால் அது ஏதோ ஒரு நாரைதான்.